அடிமை வீடும் அடைக்கல நாடும்: எபிரெய வேதத்திலும் கிறிஸ்தவ நம்பிக்கையிலும் எகிப்து

எபிரெய வேதத்தில் அதிகம் பேசப்படும் அந்நிய நாடு எகிப்து. அதன் பெயர் அங்கே 600 தடவைக்கு மேல் வருகிறது. பஞ்சம் பிழைக்க ஆபிராம் அங்கே போகிறார். அடிமையாக விற்கப்பட்ட யோசேப்பு அங்கே அதிபதியாகிறார். மோசே அங்கே பிறந்து அரண்மனையில் வளர்கிறார். எருசலேம் எரிந்த பிறகு எரேமியா அங்கே கொண்டுபோகப்படுகிறார். புதிய ஏற்பாட்டில் குழந்தை இயேசு ஏரோதுக்குத் தப்பி உயிர் பிழைப்பதும் அங்கேதான். யூதர்கள் ஆண்டுதோறும் பஸ்கா இரவில் நினைவுகூர்வதும், கிறிஸ்தவர்கள் ஞானஸ்நானத்துக்கு முன்னடையாளமாகக் காண்பதும் எகிப்திலிருந்து புறப்பட்ட கதையைத்தான்.

இந்த எகிப்து எந்த எகிப்து? நைல் கரையில் உண்மையாகவே ஆண்ட பேரரசா? பிற்கால எழுத்தர்கள் தங்கள் பகைவருக்கு வைத்த பெயரா? இஸ்ரவேலின் ஞானத்துக்கும் வழிபாட்டுக்கும் ஊற்றாக இருந்த நாகரிகமா? கி.மு. 3ஆம் நூற்றாண்டிலிருந்தே இதற்கு விடைகள் சொல்லப்பட்டு வருகின்றன. அவற்றில் முக்கியமானவற்றையும், அவை எங்கிருந்து பிறந்தன, எங்கே தளர்கின்றன என்பதையும் இக்கட்டுரை தொகுத்துப் பார்க்கிறது.

பழைய வழக்கு: மனேத்தோவும் ஜோசிபஸும்

முதல் விடை எகிப்தியரிடமிருந்தே வந்தது. தாலமி மன்னர்கள் காலத்தில் வாழ்ந்த மனேத்தோ என்ற எகிப்திய அர்ச்சகர் தம் நாட்டு வரலாற்றைக் கிரேக்க மொழியில் எழுதினார். மூல நூல் அழிந்துவிட்டது. கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியில் யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் எழுதிய 'அப்பியோனுக்கு எதிராக' என்ற மறுப்பு நூலின் வழியாகவே அதன் சில பகுதிகள் நமக்குக் கிடைக்கின்றன. அதில் இரண்டு கதைகள் உண்டு. ஒன்றில், எகிப்தைப் பிடித்து ஆண்ட ஹிக்சோஸ் மன்னர்கள் அவாரிஸ் நகரிலிருந்து துரத்தப்பட்டு, யூதேயாவுக்குப் போய் எருசலேமைக் கட்டுகிறார்கள். மற்றொன்றில், தொழுநோயாளிகளும் தீட்டுப்பட்டவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களும் ஓசார்செப் என்ற அர்ச்சகரின் தலைமையில் கலகம் செய்கிறார்கள். அவர் பிறகு மோசே என்று பெயர் மாற்றிக்கொள்கிறார்.

முதல் கதையைத் தம் இனத்தின் தொன்மைக்குச் சான்றாக ஜோசிபஸ் ஏற்றுக்கொண்டார். இரண்டாவதை அவதூறு என்று மறுத்தார். இது வெறும் ஏட்டுச் சண்டை அல்ல. கி.பி. 38இல் அலெக்சாந்திரியாவில் யூதர்கள்மீது கொடிய வன்முறை நடந்தது. அந்த நகரத்தின் பகைமை இந்தக் கதைகளுக்குள்ளும் ஓடுகிறது.

ஹிக்சோஸ் கருத்துக்கு 20ஆம் நூற்றாண்டு அகழாய்வு புதிய உயிர் கொடுத்தது. 1966 முதல் ஆஸ்திரிய ஆய்வாளர் மான்ஃப்ரெட் பீட்டக் தலைமையில் நைல் கழிமுகத்தின் தெல் எல்-தபா மேட்டில் நடந்த அகழாய்வு, அதுவே அவாரிஸ் என்பதை உறுதிசெய்தது. கானான் பகுதியிலிருந்து வந்தவர்கள் அங்கே பெருந்தொகையாக வாழ்ந்தார்கள் என்பதும் தெரிந்தது. பெனி ஹசனில் உள்ள இரண்டாம் க்னும்ஹோதெப்பின் கல்லறையில், கி.மு. 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஓவியம் வண்ண உடையணிந்த ஆசியக் குழு ஒன்று எகிப்துக்குள் வருவதைக் காட்டுகிறது. யோசேப்பின் கதைக்கு ஏற்ற பின்னணி இருந்தது என்பதை இவை காட்டுகின்றன. யோசேப்பை இவை காட்டவில்லை. ஹிக்சோஸ் ஆண்டவர்கள், இஸ்ரவேலர் அடிமைகள் என்ற முரணும் அப்படியே நிற்கிறது.

யாத்திரை: நான்கு விடைகள்

இந்தக் கேள்வியில் அதிகம் சர்ச்சைக்குள்ளான பகுதி யாத்திராகமம் சொல்லும் வெளியேற்றம். இன்றைய கருத்துகளை நான்காகப் பிரிக்கலாம்.

முதலாவது, கி.மு. 15ஆம் நூற்றாண்டைச் சொல்லும் தரப்பு. சாலொமோன் ஆலயம் கட்டத் தொடங்கியதற்கு 480 ஆண்டுகளுக்கு முன் வெளியேற்றம் நடந்தது என்று 1 இராஜாக்கள் 6ஆம் அதிகாரம் சொல்கிறது. அதைக் கணக்கிட்டால் ஏறத்தாழ கி.மு. 1446 வருகிறது. 1930களில் எரிகோவைத் தோண்டிய ஜான் கார்ஸ்டாங் தாம் கண்ட அழிவை கி.மு. 1400ஐ ஒட்டி வைத்தபோது இந்தத் தரப்பு வலுவடைந்தது. ஆனால் 1950களில் அதே இடத்தைத் தோண்டிய கேத்லீன் கென்யன் அந்த அழிவை கி.மு. 1550ஐ ஒட்டிய காலத்துக்குத் தள்ளினார். வேறொரு சிக்கலும் உண்டு. கி.மு. 15ஆம் நூற்றாண்டில் கானானே எகிப்தின் பிடியில் இருந்தது. எகிப்திலிருந்து தப்பியவர்கள் எகிப்தின் இன்னொரு மாகாணத்துக்குள்தான் போயிருக்க முடியும்.

இரண்டாவது, கி.மு. 13ஆம் நூற்றாண்டைச் சொல்லும் தரப்பு. இஸ்ரவேலர் பித்தோம், ராமசேஸ் என்ற பண்டசாலை நகரங்களைக் கட்டினார்கள் என்கிறது யாத்திராகமம் 1ஆம் அதிகாரம். இரண்டாம் ராம்சேஸின் தலைநகரமான பி-ராம்சேஸ் இன்றைய கந்தீர் அருகே இருந்தது. நைலின் கிளை தூர்ந்ததால் சில தலைமுறைகளிலேயே அது கைவிடப்பட்டது. பல நூற்றாண்டு கழித்து எழுதியவர் அந்தப் பெயரைத் தாமாக யோசித்திருக்க முடியாது என்பது இவர்கள் வாதம். கென்னத் கிச்சன், ஜேம்ஸ் ஹாஃப்மையர் ஆகிய எகிப்தியல் அறிஞர்கள் இதன் முக்கியக் குரல்கள். எகிப்திய ஆவணம் எதுவும் இல்லையே என்பதற்கு, ஈரமான கழிமுக மண்ணில் பாப்பிரஸ் ஏடுகள் தங்குவதில்லை என்று கிச்சன் பதில் சொல்கிறார். இது நியாயமான பதில்தான். ஆனால் ஆவணம் ஏன் கிடைக்கவில்லை என்பதற்கான விளக்கமே தவிர, நிகழ்வுக்குச் சான்று ஆகாது. ராம்சேஸ் என்ற பெயரும் பிற்காலத்தில் தானிஸ் நகர வழிபாடுகளில் நீடித்ததால், பின்னாளில் எழுதியவரும் அதை அறிந்திருக்கலாம். ஆறு லட்சம் ஆண்கள் நடந்து போனார்கள் என்ற எண்ணிக்கையை அப்படியே எடுத்துக்கொண்டால், குடும்பங்களையும் சேர்த்து இருபது லட்சம் பேராவது ஆகிறது. அத்தனை பேரின் தடத்தைச் சீனாய் அகழாய்வுகள் காட்டவில்லை.

மூன்றாவது தரப்பு, கதையின் பெரும்பகுதி கி.மு. 7ஆம் நூற்றாண்டிலும் அதன் பின்னும் உருவானது என்கிறது. டொனால்ட் ரெட்ஃபோர்ட், இஸ்ரேல் ஃபிங்கல்ஸ்டைன் போன்றோர் கதையில் வரும் இடப்பெயர்கள் எகிப்தின் 26ஆம் அரசமரபுக் காலத்துக்கே பொருந்துகின்றன என்று காட்ட முயன்றார்கள். மன்னன் யோசியாவும் பார்வோன் நேகோவும் மோதிய காலம் அது; கி.மு. 609இல் மெகிதோவில் யோசியா கொல்லப்பட்டார். அந்த மோதலின் நிழல் மோசே கதைமேல் விழுந்திருக்கலாம். ஆனால் ஓசியா, ஆமோஸ் ஆகிய கி.மு. 8ஆம் நூற்றாண்டுத் தீர்க்கதரிசிகள் வெளியேற்றத்தை அனைவரும் அறிந்த செய்தியாகவே பேசுகிறார்கள். கதை அதற்கு முன்பே இஸ்ரவேலின் வட அரசில் வேரூன்றியிருக்க வேண்டும். தங்கள் முன்னோரை அடிமைகள் என்று எந்த இனமும் வீணாகப் புனைந்துகொள்ளாது என்ற பழைய வாதமும் எளிதில் ஒதுக்கத் தக்கதல்ல.

நான்காவது தரப்பு நினைவுகளின் வரலாற்றைத் தேடுகிறது. கானானை எகிப்து ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் ஆண்டது. 1887இல் கிடைத்த அமர்னா மடல்களில் எருசலேம், மெகிதோ சிற்றரசர்கள் பார்வோனுக்கு எழுதிய மன்றாட்டுகள் உள்ளன. கட்டாய வேலைக்கு ஆள் திரட்டிய செய்தியும் உள்ளது. யாஃபாவில் இரண்டாம் ராம்சேஸின் பெயர் பொறித்த கோட்டை வாயில் கிடைத்திருக்கிறது. கி.மு. 12ஆம் நூற்றாண்டில் இந்த ஆட்சி சரிந்தது. ரொனால்ட் ஹெண்டல், நதாவ் நாஅமான் ஆகியோரின் கருத்துப்படி, எகிப்திய ஒடுக்குமுறையிலிருந்து கானானியர் அடைந்த விடுதலையே பின்னாளில் எகிப்தை விட்டு வெளியேறிய கதையாக நினைவில் தங்கியிருக்கலாம். ரிச்சர்ட் எலியட் ஃப்ரீட்மன் வேறு வழியில் போகிறார். பினெகாஸ், ஓப்னி போன்ற எகிப்தியப் பெயர்கள் லேவியரிடையே காணப்படுவதால், வெளியேறியது அந்தச் சிறு குழு மட்டுமே என்பது அவர் முடிவு. இவை இரண்டும் சான்றுகளோடு அதிகம் மோதாதவை. ஆனால் ஒடுக்குமுறை கானானிலேயே நடந்திருந்தால் கதை ஏன் கடல் தாண்டி நாட்டைவிட்டுப் புறப்படுகிறது என்ற கேள்விக்கு முதலாவது கருத்து முழு விடை தருவதில்லை. சிலரின் நினைவு எப்படி எல்லாக் கோத்திரங்களின் நினைவாயிற்று என்பதை இரண்டாவது கருத்து ஊகமாகவே சொல்கிறது.

உறுதியான எல்லைக்கல் ஒன்று உண்டு. 1896இல் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி தீப்ஸில் கண்டெடுத்த மெர்நெப்தா கல்வெட்டு, கி.மு. 1208ஐ ஒட்டி, கானானில் வீழ்த்தப்பட்டவர்களின் வரிசையில் இஸ்ரவேலைச் சேர்க்கிறது. நாடு என்ற குறியீடு இல்லாமல் மக்கள் என்ற குறியீட்டோடு அந்தப் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. கி.மு. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இஸ்ரவேல் என்ற மக்கள் கானானில் இருந்தார்கள் என்பது இதனால் நிச்சயம். அவர்கள் எகிப்திலிருந்து வந்தார்களா என்பதைக் கல்வெட்டு சொல்லவில்லை.

ஞானமும் துதியும்: கடன் எவ்வளவு?

நிகழ்வுகளைவிட இலக்கியத்தில் எகிப்தின் தடம் தெளிவாகத் தெரிகிறது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள 'அமெனெமோபேயின் போதனை' 1923இல் அச்சானது. மறு ஆண்டே ஜெர்மானிய அறிஞர் அடால்ஃப் எர்மான் அதை நீதிமொழிகள் 22:17 முதலான பகுதியோடு ஒப்பிட்டுக் காட்டினார். ஏழையைக் கொள்ளையிடாதே, கோபக்காரனோடு தோழமை கொள்ளாதே, எல்லைக்கல்லை நகர்த்தாதே, செல்வம் சிறகு முளைத்துப் பறந்துவிடும் என்ற அறிவுரைகள் இரண்டிலும் நெருங்கி வருகின்றன. எபிரெய மூலத்திலிருந்து எகிப்தியர் எடுத்தார்கள் என்றும், இரண்டுக்கும் பொதுவான மூலம் வேறு இருந்தது என்றும் சிலர் வாதிட்டார்கள். அமெனெமோபே ராம்சேஸ் மரபுக் காலத்தைச் சேர்ந்தது என்று காலம் கணிக்கப்பட்ட பின் அந்த வாதங்கள் தளர்ந்தன. இன்று பெரும்பாலோர் எபிரெய எழுத்தர் எகிப்திய நூலை அறிந்திருந்தார் என்றே கருதுகிறார்கள். அதைச் சொல்லுக்குச் சொல் படியெடுக்காமல் இஸ்ரவேலின் கடவுளான யாவேயின் நீதியோடு இணைத்து மாற்றியிருக்கிறார் என்பதையும் ஏற்கிறார்கள்.

சங்கீதம் 104இன் நிலை அவ்வளவு தெளிவாக இல்லை. அமர்னாவில் ஆய் என்ற அதிகாரியின் கல்லறையில் பொறிக்கப்பட்ட சூரியத் துதிக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமையை ஜேம்ஸ் ஹென்றி ப்ரெஸ்டெட் பரவலாக அறியச் செய்தார். இரவில் சிங்கங்கள் வெளியே வருவதும், விடியலில் மனிதர் வேலைக்குப் போவதும், நீரில் கப்பல்களும் மீன்களும் திரிவதும் இரண்டிலும் உண்டு. ஆனால் அந்தத் துதியைப் பாடிய பார்வோன் அக்நாதனின் நகரம் அவனுக்குப் பின் கைவிடப்பட்டது. அவன் பெயரையே எகிப்தியர் அழித்தார்கள். பல நூற்றாண்டு கழித்து எருசலேம் கவிஞர் அதை எப்படி அறிந்தார்? சூரியத் துதியின் கற்பனைகள் பிற்கால எகிப்தியப் பாடல்களிலும் தொடர்ந்தன. கானானில் இருந்த எகிப்திய ஆட்சியின் வழியாகப் பரவியிருக்கலாம். அதே சங்கீதத்தில் மேகத்தைத் தேராக்கும் கானானியப் புயல் தெய்வத்தின் சாயலும் இருக்கிறது. நேரடிக் கடன் என்பதைவிட பொதுவான கவிமரபு என்று சொல்வதே பாதுகாப்பானது.

ஒரே கடவுள் எண்ணம் எகிப்திலிருந்து வந்ததா?

அக்நாதனின் சூரிய வழிபாட்டிலிருந்துதான் மோசேயின் ஒரே கடவுள் நம்பிக்கை பிறந்தது என்ற கருத்துக்குப் புகழ் தேடித்தந்தவர் சிக்மண்ட் ஃப்ராய்ட். 1939இல் வந்த அவருடைய 'மோசேயும் ஒரே கடவுட்கொள்கையும்' என்ற நூல் மோசேயை எகிப்தியராகவும், தம்மைப் பின்பற்றியவர்களாலேயே கொல்லப்பட்டவராகவும் சித்திரிக்கிறது. இதற்கு வரலாற்றுச் சான்று இல்லை. இரண்டு வழிபாடுகளும் அடிப்படையிலேயே வேறுபடுகின்றன. அக்நாதனின் கடவுள் காணக்கூடிய சூரிய ஒளி. அந்தக் கடவுளுக்கும் மக்களுக்கும் நடுவில் அரசனே நிற்கிறான். யாத்திராகமத்தின் கடவுள் உருவம் இல்லாதவர். அரசனை எதிர்த்து அடிமைகளோடு உடன்படிக்கை செய்கிறார்.

எகிப்தியல் அறிஞர் யான் அஸ்மான் கேள்வியையே மாற்றினார். 1997இல் வெளியான 'எகிப்தியன் மோசே' என்ற நூலில், மேற்கத்திய நினைவில் எகிப்து எப்படிப் பொய்ச் சமயத்தின் அடையாளமாயிற்று என்பதை ஆராய்ந்தார். மெய்ச் சமயம், பொய்ச் சமயம் என்ற பிரிவினை மோசேயின் பெயரால் தொடங்கியது என்றும் சகிப்பின்மையின் விதை அதில் இருந்தது என்றும் அவர் சொன்னது கடும் எதிர்ப்பைக் கிளப்பியது. உலகத்தின் சகிப்பின்மைக்கு யூத மரபைப் பொறுப்பாளியாக்குகிறது என்று விமர்சகர்கள் சுட்டிக்காட்டினார்கள். அஸ்மான் பின்னர் தம் கருத்தைத் திருத்தி, யாத்திராகமத்தின் மையம் உண்மை குறித்த உரிமைக் கோரிக்கையைவிட உடன்படிக்கைக்கு விசுவாசமாக இருப்பதே என்று எழுதினார்.

வேதத்துக்குள்ளேயே இரண்டு எகிப்துகள்

எகிப்து என்றால் அடிமைத்தனம் என்று மட்டும் வாசிப்பது பரவலான பழக்கம். வேதமே அப்படிச் சொல்லவில்லை.

மோசேயை நதியிலிருந்து எடுத்து வளர்ப்பவள் பார்வோனின் மகள். ஆகார் எகிப்தியப் பெண். அவளை ஒடுக்கித் துரத்துவது ஆபிரகாமின் வீடு. 1984இல் வேத அறிஞர் ஃபிலிஸ் ட்ரிபிள் சுட்டிக்காட்டியபடி, யாத்திராகமத்துக்கு நேர் எதிரான ஒடுக்குமுறைக் கதை ஆதியாகமத்திலேயே இருக்கிறது. அதே நூலின் 47ஆம் அதிகாரத்தில், பஞ்சகாலத்தில் எகிப்தியரின் நிலத்தையும் உழைப்பையும் பார்வோனுக்கு வாங்கிக் கொடுப்பவர் எபிரெயரான யோசேப்பு. எகிப்தியனை அருவருக்கக் கூடாது என்று உபாகமம் 23 கட்டளையிடுகிறது. மூன்றாம் தலைமுறையில் அவர்கள் சபைக்குள் வரலாம் என்கிறது. எகிப்தை நம்புகிறவனின் கையில் தைக்கும் நெரிந்த நாணலாக அதைக் காட்டும் ஏசாயா நூலிலேயே, 19ஆம் அதிகாரம் எகிப்தைக் கடவுளின் ஜனம் என்று ஆசீர்வதிக்கிறது. இது பழைய வாசகர்களுக்கே ஏற்கக் கடினமாக இருந்தது. அலெக்சாந்திரியாவில் தோன்றிய எழுபதின்மர் கிரேக்க மொழிபெயர்ப்பு, எகிப்தில் வாழும் யூதர்களுக்கான ஆசியாக அந்த வரியை மாற்றிவிட்டது.

அரசியலிலும் இதே இரட்டை நிலை. சாலொமோனிடமிருந்து தப்பிய யெரொபெயாமுக்கு அடைக்கலம் தந்த சீஷாக்கே சில ஆண்டுகளில் எருசலேமின் செல்வத்தை வாரிக்கொண்டு போகிறான். முதலாம் ஷோஷெங்க் என்ற இந்தப் பார்வோன் கர்னாக் கோயில் சுவரில் தன் படையெடுப்புப் பட்டியலைப் பொறித்திருக்கிறான். வேதமும் எகிப்தியக் கல்வெட்டும் சந்திக்கும் முதல் தெளிவான இடம் இது. இங்கும் முழுப் பொருத்தம் இல்லை: படிக்கக்கூடிய பகுதியில் எருசலேமின் பெயர் காணப்படவில்லை.

நைலில் உள்ள எலிபெண்டைன் தீவில் கிடைத்த அரமேய ஆவணங்கள் இன்னொரு கதையைச் சொல்கின்றன. பாரசீக ஆட்சியில் அங்கே காவல் இருந்த யூதப் படைவீரர்கள் சொந்தமாக ஓர் ஆலயம் வைத்திருந்தார்கள். கி.மு. 410இல் க்னும் தெய்வத்தின் அர்ச்சகர்கள் தூண்டுதலால் அது இடிக்கப்பட்டது. கி.மு. 419ஆம் ஆண்டின் கடிதம் ஒன்று புளிப்பில்லா அப்பப் பண்டிகை அனுசரிப்பைப் பற்றியது. ஆனால் மோசேயின் பெயரோ வெளியேற்றக் கதையோ இந்த ஆவணங்களில் எங்கும் இல்லை. எகிப்தை வெறுக்காமல் அங்கேயே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த யூதர்கள் இருந்தார்கள் என்பதற்கு இந்த ஆவணங்களைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை.

கிறிஸ்தவத்தின் எகிப்து

குழந்தை இயேசு எகிப்துக்குத் தப்பிய செய்தியை மத்தேயு மட்டுமே சொல்கிறார், லூக்காவில் இல்லை. பிள்ளைகளைக் கொல்லும் பார்வோனின் இடத்தில் எருசலேமின் அரசன் ஏரோது நிற்கிறான், எகிப்து அடைக்கலமாகிறது. மத்தேயு இயேசுவைப் புதிய மோசேயாக வரைகிறார் என்பதில் அறிஞரிடையே பரந்த உடன்பாடு உண்டு. அந்தப் பயணம் நடந்ததா என்பதில் உடன்பாடு இல்லை. இயேசு எகிப்தில் மந்திரம் கற்றார் என்று 2ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவத்தை எதிர்த்த செல்சஸ் சொன்னதைச் சிலர் மறைமுகச் சான்றாகக் கொள்கிறார்கள். மத்தேயுவின் கதையைக் கேட்டுப் பிறந்த வசையாகவும் அது இருக்கலாம்.

பவுல் செங்கடலை ஞானஸ்நானத்தோடு ஒப்பிட்டார். இறையியலாளர் ஓரிகன் பார்வோனைப் பிசாசாகவும் எகிப்தைப் பாவ உலகமாகவும் விளக்கினார். அவரே எகிப்தில் பிறந்தவர். இஸ்ரவேலர் எகிப்தியரிடமிருந்து பெற்றுச் சென்ற பொன்னைப்போல் கிறிஸ்தவர்கள் கிரேக்கத் தத்துவத்தை எடுத்துப் பயன்படுத்தலாம் என்றும் போதித்தார். அகுஸ்தீன் இந்த விளக்கத்தை மேற்கு முழுவதும் பரப்பினார். எகிப்தின் செல்வத்தை ஏற்றுக்கொண்டு எகிப்தை நிராகரிக்கும் இந்த வாசிப்புக்குப் பெரிய பலவீனம், அது உண்மையான எகிப்தியரை மறக்கச் செய்தது. அதே காலத்தில் எகிப்திய மண்ணில்தான் அந்தோணியாரும் பக்கோமியுஸும் துறவு வாழ்வுக்கு வடிவம் கொடுத்தார்கள். அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியுஸ் 367இல் எழுதிய மடலில்தான் புதிய ஏற்பாட்டின் 27 நூல்களும் இன்றுள்ள அதே பட்டியலாக முதன்முதலில் காணப்படுகின்றன. திருக்குடும்பம் தங்கியதாகக் கருதப்படும் மத்தாரியா, அல்-முஹர்ரக் போன்ற இடங்களைக் காப்திக் திருச்சபை இன்றும் பெருமையோடு போற்றுகிறது.

இயேசுவின் கதை எகிப்தியத் தெய்வமான ஹோரஸின் கதையிலிருந்து எடுக்கப்பட்டது என்ற கருத்து 19ஆம் நூற்றாண்டில் ஜெரால்ட் மாசி போன்றோரால் பரவியது. ஹோரஸுக்குப் பன்னிரண்டு சீடர்கள், டிசம்பர் 25 பிறப்பு என்பவை எகிப்திய மூலங்களில் இல்லை. துறை அறிஞர்கள் இதை ஏற்பதில்லை. மகன் ஹோரஸுக்குப் பாலூட்டும் இசிஸ் தேவியின் உருவம் சக்காராவின் மடாலயச் சுவர்களில் உள்ள மரியாளின் ஓவியத்துக்கு வழி காட்டியிருக்கலாம் என்ற கலை வரலாற்று வாதம் இதிலிருந்து வேறானது, கவனிக்கத் தக்கது. இடையில் உள்ள கால இடைவெளி அதையும் முடிவாகச் சொல்ல விடவில்லை.

யாருடைய விடுதலை?

அமெரிக்காவில் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்கள் தென்மாநிலங்களை எகிப்தாக வாசித்தார்கள். பலரைத் தப்புவித்த ஹேரியட் டப்மன் மோசே என்றே அழைக்கப்பட்டார். பெரு நாட்டின் குஸ்தாவோ குத்தியெரெஸ் 1971இல் எழுதிய விடுதலை இறையியல் நூலில் வெளியேற்றத்துக்கு மைய இடம் உண்டு. இந்த வாசிப்பின் வலிமையை மறுக்க முடியாது. ஆனால் 1989இல் அமெரிக்கப் பழங்குடியினரான ராபர்ட் ஆலன் வாரியர் ஒரு கேள்வி எழுப்பினார்: விடுதலை பெற்றவர்கள் போய்ச் சேர்ந்த நாட்டில் ஏற்கெனவே இருந்த கானானியரின் கதி என்ன? பாலஸ்தீனக் கிறிஸ்தவரான நயீம் அத்தீக்கும் அதே ஆண்டு வெளியிட்ட நூலில் இதை ஒட்டிய வினாக்களை முன்வைத்தார். விடுதலை இறையியலாளர்கள் இதற்குத் தரும் பதில்கள் இன்னும் நிறைவு தருவனவாக இல்லை.

மதிப்பீடு

இவற்றிலிருந்து சில முடிவுகளுக்கு ஓரளவு உறுதியோடு வரலாம். யாத்திராகமம் சொல்லும் அளவில் பெருந்திரளின் வெளியேற்றத்துக்குச் சான்று இல்லை. முழுக் கதையும் பிற்காலப் புனைவு என்பதும் நிறுவப்படவில்லை. கானானில் எகிப்திய ஆட்சியின் நினைவும், கழிமுகத்திலிருந்து வந்த சிறு குழுக்களின் நினைவும் சேர்ந்து வளர்ந்தன என்ற விளக்கமே இன்றைய சான்றுகளோடு அதிகம் இசைகிறது. நீதிமொழிகளில் எகிப்திய ஞானத்தின் பங்கு கிட்டத்தட்ட உறுதி. ஒரே கடவுட்கொள்கையில் அதன் பங்கு நிறுவப்படாதது.

திறந்திருப்பவை பல. வட அரசில் வெளியேற்றக் கதை எப்போது, யாரால் பொதுச் சொத்தாயிற்று? எலிபெண்டைன் யூதர்கள் அதை அறியவில்லையா, அல்லது கடிதங்களில் எழுதத் தேவை நேரவில்லையா? கழிமுகத்தில் இனி நடக்கும் அகழாய்வுகள் முதல் கேள்விக்குக்கூட நேரடி விடை தரும் என்று எதிர்பார்க்க முடியாது.

வாசிப்பைப் பொறுத்தவரை ஒன்றைத் தயக்கமின்றிச் சொல்லலாம். எகிப்தை அடிமை வீடாக மட்டும் காட்டும் பிரசங்கமும் பாடநூலும் வேதத்தின் பாதியைக் கைவிடுகின்றன. யாத்திராகமத்தைக் கற்பிப்பவர்கள் அதனோடு ஆகாரின் கதையையும், ஏசாயா 19ஐயும், மத்தேயு 2ஐயும் சேர்த்தே கற்பிக்க வேண்டும்.